இடது கையால் ஓட்டிய விமானம்

போர் முடிந்து சில வருஷங்கள் ஆகியிருந்தன. எந்த நாடு, எந்தப் போர் என்றெல்லாம் என்னைக் கேட்காதீர்கள். எல்லாப் போரும் ஒரே மாதிரிதான் முடிகிறது. தோற்றவர்களும் சரி, ஜெயித்தவர்களும் சரி, வீட்டுக்குப் போய்ப் படுத்துத் தூங்கத்தான் ஆசைப்படுகிறார்கள்.

அந்தப் போரில் பிலோமினா என்றொரு பெண் போர் விமானம் ஓட்டினார். சும்மா ஓட்டவில்லை. அவருடைய விமானத்தைத் தூரத்தில் கண்டாலே எதிரி விமானிகள் திரும்பிப் போனார்கள் என்று பேசிக்கொண்டார்கள். கொஞ்சம் கூட்டித்தான் சொல்லியிருப்பார்கள். இருந்தாலும் பாதியாவது நிஜம்.

போர் முடிந்ததும் மெடல் குத்தினார்கள். தலைநகரில் பெரிய பதவி, கார், பங்களா எல்லாம் தருவதாகச் சொன்னார்கள். அந்த அம்மா எதுவும் வேண்டாம் என்று சொல்லிவிட்டு, உப்பளத்துக்கும் உடைமரக் காட்டுக்கும் நடுவே இருந்த ஒரு விமானத் தளத்தில் போய்ச் சோதனை விமானியாகச் சேர்ந்துகொண்டார். புதிதாகச் செய்த விமானத்தை முதன்முதலில் ஓட்டிப் பார்த்து, அதில் என்ன கோளாறு என்று கண்டுபிடித்துச் சொல்கிற வேலை.

“உங்களுக்கு என்ன பைத்தியமா?” என்று கேட்டவர்கள் உண்டு.

“விமானத்தை விழவச்சதுக்கு மெடல் குடுத்தாங்க. இங்க விமானம் விழாம இருக்கிறதுக்குச் சம்பளம் குடுக்கிறாங்க. எனக்குச் சம்பளம் போதும்யா” என்பார்.

அவரிடம் தொழில் கற்றுக்கொள்ள ஒருநாள் கோமதிநாயகம் வந்து சேர்ந்தார். சின்னப் பையன் இல்லை. அவரும் அதே போரில், அதே படைப்பிரிவில், பிலோமினாவின் பக்கத்திலேயே பறந்தவர். வயசிலும் அவரைவிட ரொம்ப இளையவர் இல்லை. பிலோமினா மேகத்தைக் கிழித்துக்கொண்டு பாய்வதைக் கண்ணால் பார்த்தவர். பார்த்த அன்றைக்கே மனசுக்குள் குருவாக வைத்துக் கும்பிட ஆரம்பித்துவிட்டார்.

“இந்த வேலையை எனக்குக் கத்துக் குடுங்க, மேடம்.”

“உங்களுக்கு என்ன தெரியும், நாயகம்?”

“எந்த விமானமா இருந்தாலும் என் சொல்பேச்சு கேக்கும், மேடம்.”

“அப்படியா? அப்ப கத்துக்கக் கொஞ்சம் நாளாகும்” என்றார் பிலோமினா.

நாயகத்துக்கு அது புரியவில்லை. தன்னடக்கம் இல்லாமல் பேசிவிட்டோமோ என்று நாக்கைக் கடித்துக்கொண்டார்.

கற்றுக்கொடுத்தாரா என்றால், வெளியே பார்க்க ஒன்றும் இல்லை. “ஏறுங்க, இறங்குங்க, வந்து சொல்லுங்க.” அவ்வளவுதான் பாடம். அந்தத் தளத்தில் ஒரு வழக்கம் இருந்தது. சோதனை விமானி தரையிறங்கியதும், இறக்கைக்குக் கீழே நின்று, ஒரு வாய் தண்ணீர்கூடக் குடிக்காமல், உணர்ந்ததை இன்ஜினியரிடம் வாயால் சொல்ல வேண்டும். தண்ணீர் உள்ளே போனால் பாதி மறந்துவிடுமாம். தொண்டை வறள வறளச் சொல்வதுதான் அங்கே சத்தியம்.

நாயகத்தை வேறொன்று உறுத்தியது. பிலோமினா விமானத்தை இறக்கும் அழகு சகிக்கவில்லை. தடால் என்று விழும். ஒரு பக்கம் சாயும். குதிக்கும். கேன்டீனில் இருப்பவர்கள், “மேடம் இறங்குறாங்கப்பா, டீ கிளாஸைக் கையில எடுத்துக்கோங்க” என்று கிண்டல் பண்ணினார்கள். நாயகம் இறங்கினால் சக்கரம் தரையைத் தொட்டது தரைக்கே தெரியாது.

‘ஐயோ, இந்த அம்மாவுக்குக் கை போய்விட்டதே’ என்று அவர் உள்ளுக்குள் அழுதார். யாராவது கிண்டல் செய்தால் சண்டைக்குப் போனார். ஆனால் தனியாக இருக்கும்போது அவருக்கும் அதே சந்தேகம்தான்.

அப்போது ஒரு புது விமானம் தயாரானது. போரையே பார்க்காத, புதிதாகப் பறக்கப் பழகுகிற பிள்ளைகளுக்கான பயிற்சி விமானம். முன்னால் ஒரு இருக்கை, பின்னால் ஒரு இருக்கை. தலைமை இன்ஜினியர் ஹபீபுல்லா அதை மகள் கல்யாணம் மாதிரி பார்த்துப் பார்த்துச் செய்திருந்தார்.

முதலில் பிலோமினா ஓட்டினார். இறங்கும்போது வழக்கம்போலத் தடால். இறக்கைக்குக் கீழே வந்து நின்று, “இறங்கும்போது இடது இறக்கை கீழ சரிஞ்சு விழுது, பாய்” என்றார்.

ஹபீபுல்லாவுக்கு முகம் சுண்டிப்போனது. ஏணி போட்டு, அளவுகோல் வைத்து, திருகு திருகாகப் பார்த்தார். தரையில் எல்லாம் சரியாகத்தான் இருந்தது.

அடுத்து நாயகம் ஓட்டினார். சுற்றினார், சாய்ந்தார், மெதுவாக்கினார், வெண்ணெயில் கத்தி இறங்குவதுபோல் இறங்கினார். வந்து நின்றார். மனசாட்சியைத் தொட்டுப் பார்த்தார். சொல்வதற்கு ஒன்றுமே இல்லை.

“ஒரு குறையும் இல்ல, பாய்.”

இரண்டு பேர் சொல்வதும் ஒத்துப்போக வேண்டும் என்பது விதி. மறுபடி ஓட்டினார்கள். அவர் மறுபடி விழுகிறது என்றார், இவர் மறுபடி விழவில்லை என்றார். சேதி தலைமை அலுவலகத்துக்குப் போனது. பயிற்சிப் பிள்ளைகள் ஏற்கெனவே வந்து இறங்கிவிட்டார்கள், அங்கே யாருக்கும் பொறுமை இல்லை. ‘மேடத்துக்கு வயசாகிவிட்டது, அவர் இறங்குகிற லட்சணத்தை ஊரே பார்க்கிறது, நாயகம் சரி என்றால் சரி, அவர் கையெழுத்துப் போட்டால் விமானம் போகட்டும்’ என்று பதில் வந்தது.

ஆக, முடிவு நாயகத்தின் தலையில் வந்து உட்கார்ந்தது.

அந்தத் தளத்தில் இன்னொரு வழக்கமும் உண்டு. சரி என்று கையெழுத்துப் போட்டவர்தான், அந்த விமானத்தில் தனியாகப் போகும் முதல் பிள்ளையின் பெல்ட்டைத் தன் கையால் பூட்டி அனுப்ப வேண்டும். நாயகம் பூட்ட வேண்டிய பிள்ளையின் பெயர் மாரிச்செல்வி. துறுதுறுவென்று ஒரு பெண். விமானத்தைப் பார்க்க அன்று சாயந்தரமே ஓடிவந்துவிட்டாள்.

“சார், இறங்கும்போது இது ஏதாவது பண்ணுமா?”

“ஒண்ணும் பண்ணாதும்மா. பயப்படாதே.”

“நீங்க சொன்னாச் சரி சார்” என்று சிரித்துக்கொண்டே போய்விட்டாள்.

அவள் அப்படி நம்பிவிட்டுப் போனதுதான் நாயகத்துக்குச் சோறு இறங்காமல் பண்ணியது. தட்டை ஒதுக்கி வைத்துவிட்டு நேரே பிலோமினாவிடம் போனார். அவர் தன் அறை வாசலில் உட்கார்ந்து ஷூவுக்குப் பாலிஷ் போட்டுக்கொண்டிருந்தார்.

“மேடம், நான் பொய் சொல்லல.”

“தெரியும்.”

“நீங்களும் பொய் சொல்ற ஆள் இல்ல.”

“இல்ல.”

“அப்ப எதுதான் நிஜம், மேடம்?”

பிலோமினா ஷூவைக் கீழே வைத்தார். “காலையில முன்சீட்டுல நீங்க உட்காருங்க. நான் பின்னால வர்றேன்” என்றார்.

காலையில் கிளம்பினார்கள். மேலே, மேலே என்று பிலோமினா ஏறச் சொல்லிக்கொண்டே இருந்தார். கடலோர உப்பளம் வெள்ளைக் கைக்குட்டை அளவுக்குச் சின்னதாகிவிட்டது.

“எதுக்கு மேடம் இவ்வளவு உயரம்?”

“விழுறதுக்கு இடம் வேணாமா?”

“இப்பத் தரையில இறங்குற மாதிரியே பண்ணுங்க. சக்கரத்தைக் கீழ இறக்குங்க. வேகத்தைக் குறைங்க. எவ்வளவு குறைக்க முடியுமோ அவ்வளவு.”

காலிடுக்கில் நின்ற, விமானத்தைத் திருப்பும் ஸ்டிக்கை வலது கையால் பிடித்துக்கொண்டு நாயகம் அப்படியே செய்தார். விமானம் சொன்னபடி கேட்டது. ஆடவில்லை, அசையவில்லை.

“பாத்தீங்களா, மேடம்?”

“பாத்தேன். அருமை. இப்ப வலது கையை எடுத்து மடியில வைங்க.”

“கையை விட்டா எந்த விமானமும்தான் சாயும், மேடம்!”

“விடச் சொன்னேனா? இடது கையால பிடிங்க. என்ஜினை நான் பாத்துக்கறேன்.”

இடது கையால் நாயகம் ஒருநாளும் ஸ்டிக்கைப் பிடித்ததில்லை. வலது கைக்காரர் இடது கையால் ஊசியில் நூல் கோப்பதுபோல் இருந்தது. பிடிக்கத் தெரியாமல் இறுக்கிப் பிடித்தார். வேகம் குறைந்தது. இன்னும் குறைந்தது. ஒரு நொடி எல்லாம் சரியாக இருப்பதுபோல்தான் இருந்தது.

அடுத்த நொடி இடது இறக்கை பொத்தென்று விழுந்தது. வானம் ஒரு பக்கம் போனது, கடல் தலைக்கு மேலே வந்தது. இடது கை எந்தப் பக்கம் தள்ளுவது என்று தெரியாமல் திணறியது. விமானம் தலைகீழாகச் சுற்றிக்கொண்டு கீழே போனது.

“மேடம்!”

பின்னாலிருந்து பதில் இல்லை.

நாயகத்தின் வலது கை அவரைக் கேட்காமலே மடியிலிருந்து பாய்ந்து ஸ்டிக்கைப் பிடித்தது. கால் தானாக மிதித்தது. சுற்றல் நின்றது. மூக்கு மெல்ல மேலே எழுந்தது.

“இப்ப அவ்வளவு மோசமா ஓட்டினது யாரோட கை, நாயகம்?”

“என் இடது கை, மேடம்.”

“இல்ல. அது மாரிச்செல்வியோட வலது கை.”

சிரித்துக்கொண்டே போன அந்தப் பெண்ணின் முகம் நாயகத்தின் கண்முன் வந்து நின்றது. தரைக்குப் பக்கத்தில் இப்படி விழுந்திருந்தால் கடலும் வானமும் இடம் மாற நேரம் ஏது?

“மறுபடி மேல போங்க” என்றார் பிலோமினா. “இந்தத் தடவை உங்க வலது கையாலயே பண்ணுங்க. ஆனா வெளிய பாக்காதீங்க. கையை மட்டும் பாருங்க.”

நாயகம் பார்த்தார். வேகம் குறைந்தது. இறக்கை விழப்போகிற அந்தக் கணத்துக்கு ஒரு கணம் முன்னால், அவருடைய மணிக்கட்டு வலது பக்கமாக லேசாகத் திரும்பியது. எள்ளளவுதான். இறக்கை விழவில்லை. அவர் அதைச் செய்யவில்லை. சத்தியமாகச் செய்யவில்லை. கை செய்தது.

“அடப்பாவி!” என்று தன் கையைப் பார்த்தே கத்தினார். “இது எத்தனை நாளா மேடம் இப்படிப் பண்ணுது?”

“போர்ல இருந்தே. ஓட்டை விழுந்த விமானத்தையெல்லாம் நாம வீடு கொண்டுவந்து சேத்தது எப்படின்னு நெனைச்சீங்க? இந்தக் கைதான். அப்ப நானே அதுக்குக் கும்பிடு போட்டிருக்கேன். இங்க வந்தா, விமானம் பண்ற தப்பையெல்லாம் நமக்குத் தெரியாமலே மூடி மறைச்சுடுது.”

“உங்க கையை நீங்க எப்படி நிறுத்தினீங்க?”

“லேசுல நிக்குமா அது? நேத்துத்தான் பழகின பிள்ளை எப்படிப் பிடிக்குமோ அப்படிப் பிடிச்சுப் பழகினேன். திருத்தணும்னு கை துடிக்கும். துடிக்கட்டும்னு விட்டுட்டு, விமானம் என்ன பண்ணுதுன்னு பாப்பேன். ரொம்ப மோசமாப் போனாத்தான் திருத்துவேன்.”

நாயகத்துக்கு அந்தத் தடால் தடால் எல்லாம் ஒவ்வொன்றாகக் காதில் கேட்டது. கேன்டீன் சிரிப்பும் கேட்டது. வெட்கமாக இருந்தது.

“சரி, இறக்குங்க” என்றார் பிலோமினா.

அப்போதுதான் நாயகத்துக்கு உண்மையான பயம் வந்தது. கையைப் பார்த்துவிட்டாரே! இத்தனை வருஷம் தானாக வேலை பார்த்த கை, முதலாளி பார்க்கிறார் என்று தெரிந்ததும் தடுமாறியது. திருப்பலாமா, வேண்டாமா? இப்போதா, அப்புறமா? ஓடுபாதை நெருங்கிக்கொண்டே வந்தது.

“நீங்க இறக்குங்க, மேடம். எனக்குப் பயமா இருக்கு.”

“முன்னால உட்கார்ந்திருக்கறது நீங்க. பயமா இருந்தாப் பயந்துக்கிட்டே இறக்குங்க. ரொம்பப் போனா நான் இருக்கேன்.”

இறக்கினார். இடது இறக்கை விழுந்தது, கொஞ்சம் பிந்தித்தான் பிடித்தார், ஒரு சக்கரம் தடால், மறு சக்கரம் தடால், விமானம் தவளை மாதிரி இரண்டு குதி குதித்து ஒருவழியாக நின்றது. கேன்டீனில் ஓவென்று சத்தம்.

நாயகம் கீழே குதித்தார். யாரோ தண்ணீரை நீட்டினார்கள், தள்ளிவிட்டார்.

“விழுது பாய்! இடது இறக்கை விழுது! நல்லாவே விழுது!” என்று கத்தினார். சிரிப்பும் வந்தது, கண்ணீரும் வந்தது. ஹபீபுல்லாவைக் கட்டிக்கொண்டார்.

ஒரு கோளாறைச் சொல்லிவிட்டு இப்படிச் சந்தோஷப்பட்ட மனிதரை ஹபீபுல்லா அதுவரை பார்த்ததில்லை. தலையில் கை வைத்துக்கொண்டு அப்படியே தரையில் உட்கார்ந்தார். “அல்லா காப்பாத்தினான்” என்றார். பிறகு எழுந்து சட்டைக் கையை மடித்துவிட்டுக்கொண்டார்.

கோளாறு பிடிபட்டது. இறங்கும் நேரத்தில் இறக்கையின் பின்னால் மடங்கித் தாழ்கிற தகடு ஒன்று உண்டு. இடது பக்கத் தகட்டைத் தாங்கிய கம்பி, காற்று அழுத்தும்போது மட்டும் ஒரு நூல் அளவுக்கு வளைந்தது. தரையில் எத்தனை தரம் அளந்தாலும் எப்படித் தெரியும்? ஹபீபுல்லா கனமான கம்பியாகப் போட்டார். தலைமை அலுவலகம் தாமதம் என்று கத்தியது. “கத்தட்டும்” என்றார் நாயகம்.

நாயகம் இடது கையால் ஓட்டிப் பார்த்தார், மேலே உயரத்தில், மறுபடி மறுபடி. இறக்கை விழவில்லை. பிலோமினா ஓட்டிவிட்டு வந்து இறங்கினார். கேன்டீனில் எல்லோரும் கிளாஸைக் கையில் எடுத்துக்கொண்டு காத்திருந்தார்கள். டீ அசையவே இல்லை. ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள்.

நாயகம் கையெழுத்துப் போட்டார்.

மாரிச்செல்வியின் நாள் வந்தது. நாயகம் ஏணியில் ஏறி நின்று பெல்ட்டைப் பூட்டினார். இழுத்துப் பார்த்தார். மறுபடி இழுத்துப் பார்த்தார்.

“சார், நான் மூச்சு விடணும் சார்” என்றாள் அவள்.

விமானம் ஏறியது, ஒரு சுற்றுச் சுற்றியது, திரும்பி வந்தது. கடல் பக்கமிருந்து காற்று லேசாக அடித்துக்கொண்டிருந்தது. வேகம் குறைந்தது. ஹபீபுல்லாவின் உதடு ஓயாமல் முணுமுணுத்தது. நாயகம் வேறு பக்கம் திரும்பிக்கொண்டார். பார்க்க முடியவில்லை. போரில் குண்டு சீறி வந்தபோதுகூடக் கண்ணை மூடாத மனிதர்.

“திரும்புங்க. இறங்கிட்டா” என்றார் பிலோமினா.

ஒரு சின்னக் குதி. அப்புறம் நேராக ஓடி, நின்றது. இரண்டு இறக்கையும் சமமாக இருந்தன. நாயகத்துக்கு நெஞ்சிலிருந்து ஒரு மூட்டையை இறக்கி வைத்தது மாதிரி இருந்தது. ஹபீபுல்லா அழுதே விட்டார்.

மாரிச்செல்வி தலைக்கவசத்தைக் கழற்றக்கூட இல்லை, ஓடிவந்தாள்.

“பாத்தீங்களா சார்? நானே இறக்கினேன்! முதல் தடவையே! ஒண்ணுமில்ல சார், இறங்கும்போது பதட்டப்படக் கூடாது, கையை லேசா வச்சுக்கணும், அவ்வளவுதான். நீங்க அன்னிக்கு இதே விமானத்தைத் தடால்னு இறக்கினீங்களாமே, கேன்டீன்ல சொன்னாங்க. கையை இறுக்கிட்டீங்க போல சார்.”

போரில் பேர் வாங்கிய கோமதிநாயகத்துக்குத் தரையிறங்குவது எப்படி என்று அவள் நின்று பாடம் நடத்தினாள். கையை ஸ்டிக் பிடிப்பதுபோல் வைத்து ஆட்டியும் காட்டினாள். நாயகம், “சரிம்மா, சரிம்மா” என்று கேட்டுக்கொண்டார். தோழிகள் கூப்பிட்டதும் அவர்களிடம் ஓடிப்போய், அதே பாடத்தை முதலிலிருந்து ஆரம்பித்தாள்.

நாயகத்துக்குச் சிரிப்பு ஒரு பக்கம், பொறுக்கமாட்டாத தவிப்பு ஒரு பக்கம்.

“மேடம், அவ எல்லாமே தன்னோட திறமைன்னு நெனைச்சுட்டிருக்கா. இந்த இறக்கை விழுந்தது, நீங்க ஊர் சிரிக்க இறக்கினது, பாய் தூங்காம கிடந்தது, எதுவுமே அவளுக்குத் தெரியாது. கூப்பிட்டுச் சொல்லிடவா?”

பிலோமினா அந்தப் பெண்ணைப் பார்த்துக்கொண்டே நின்றார். அவர் முகத்தில் இப்படி ஒரு சிரிப்பை நாயகம் மெடல் குத்திய அன்றைக்குக்கூடப் பார்த்ததில்லை.

“வேணாம் நாயகம். இப்ப அவ இறக்கினாளே, அதுல உங்க கையும் இல்ல, என் கையும் இல்ல. அதைக் கெடுத்துடாதீங்க.”